நாலாவது தடவை சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

வள்ளியூர் பக்கம் பலசரக்குக் கடை வச்சிருக்கேன். மகளுக்கு 11 வயசு. ஒன்றரை வருஷமா அடிக்கடி வயித்துவலி, தொப்புளைச் சுத்தி வலிக்குன்னு சொல்லுவா. போன ஆனி மாசம் வயித்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன், மார்கழியில வேற ஒரு இடத்துல இன்னொண்ணு. ரெண்டுலயும் ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்கு. நடுவுல சைக்கிள்ல இருந்து விழுந்தா. அப்ப தலைக்கு ஒரு சி.டி. எடுத்தோம், அது நானே கேட்டு எடுத்தது. இப்ப பாளையங்கோட்டையில புது டாக்டர்கிட்ட போனோம். பழைய படம் கைல இல்லன்னதும், திரும்ப ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுதாவ. "பச்சப் புள்ளைக்கு இத்தன கரண்டு வச்சா புத்து வராம என்ன செய்யும்"னு அவ ஆச்சி ஒரே அழுகை. ஸ்கேன் எடுக்கையில உடம்பெல்லாம் சூடா ஓடுச்சுன்னு பிள்ளையும் சொல்லுதா. ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. எடுத்ததுக்கு என்ன செய்ய? இனிமே எடுக்கலாமா, கூடாதா? ரிப்போர்ட்டு எல்லாத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாலாவது ஸ்கேனை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பழைய படங்களை முதலில் வாங்கிப் புது டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்த பிறகும் "இன்ன காரணத்துக்காக வேணும்" என்று அவர் சொன்னால் தயங்காமல் எடுங்கள். ரெண்டு மாசம் தூங்காதவரிடம் பதிலைக் கடைசிவரை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி விவரம்.

ஆச்சியின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். நம்ம பக்கம் "கரண்டு வைக்கிறது" என்றால் கேன்சர் வந்தவர்களுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை. ஊரில் யாரோ ஒருவருக்குக் கரண்டு வைத்து, தோல் கறுத்து, முடி கொட்டியதை ஆச்சி பார்த்திருப்பார். அந்தச் சிகிச்சையில் கட்டி இருக்கும் இடத்துக்கு மொத்தமாக 50, 60 கிரே வரை கொடுப்பார்கள். கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு, மில்லிகிரே அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சி.டி. ஸ்கேனில் உடம்பின் உள்ளுறுப்புக்குப் போவது சுமார் 10 மில்லிகிரே. கிட்டத்தட்ட ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்று இல்லை என்று ஆச்சியிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பிள்ளைக்கு உடம்பெல்லாம் சூடு ஓடியதும் கதிர்வீச்சால் இல்லை. ஸ்கேனுக்கு நடுவில் கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள், அயோடின் கலந்தது. அது ரத்தத்தில் ஓடும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சுரீர் என்று ஒரு சூடு போகும். பெரிய ஆட்களே சிறுநீர் கழிந்துவிட்டதோ என்று பதறிவிடுவார்கள். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். எக்ஸ்ரே கதிர் உடம்பில் படுவது யாருக்கும் தெரியாது. சூடும் கிடையாது, வலியும் கிடையாது. லைட்டை அணைத்ததும் வெளிச்சம் அறையில் தங்காது இல்லையா, அதேபோல் மெஷின் நின்றதும் கதிரும் உடம்பில் தங்காது. ஆகவே இளநீரும் பதநீரும் கொடுத்துக் கதிரை "இறக்க" முடியாது. மருந்து சிறுநீரில் சீக்கிரம் வெளியேற அன்றைக்குத் தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது, அவ்வளவுதான்.

அப்படியானால் கதிர்வீச்சால் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் அனுப்பிய தாள்களில் எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. படங்களுக்குக் கடைசியில், கறுப்புப் பின்னணியில் வெறும் எண்களாக இருப்பது. அதில் டி.எல்.பி. என்ற எழுத்துக்கு நேரே ஒரு எண் இருக்கும். மெஷின் எவ்வளவு கதிரை எவ்வளவு நீளத்துக்குக் கொடுத்தது என்பதற்கான கணக்கு அது. உங்கள் மகளின் முதல் வயிற்று ஸ்கேனில் அது 560. இந்த வயதில் வயிற்றுக்கு அதை 0.015-ஆல் பெருக்க வேண்டும். 8.4 மில்லிசீவர்ட் வருகிறது. உடம்பு முழுவதற்குமான கதிர் பாதிப்பைக் கணக்கிடும் அலகு அது.

இரண்டாவது ஸ்கேன் தாளில் அதே மாதிரி மூன்று வரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 560. மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை, ஏற்றிய உடனே ஒரு தடவை, கொஞ்ச நேரம் விட்டு ஒரு தடவை என்று அதே வயிற்றை மூன்று முறை ஓட்டியிருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து 25.2 மில்லிசீவர்ட். அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. பெரியவர்களுக்கு ஈரலில் கட்டி இருக்கிறதா என்று தேடும்போது மூன்று ஓட்டம் தேவைப்படும். வயிற்றுவலி என்று வந்த பிள்ளைக்கு மருந்து ஏற்றி ஒரே ஒரு ஓட்டம் போதும். அதுவும் 31 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 560 என்பதே பெரியவர்களுக்கு வைக்கிற அளவு. பிள்ளைகளுக்கான அளவில் எடுத்திருந்தால் பாதிக்கும் கீழே வந்திருக்கும். தலை ஸ்கேனில் 1.9. ஆக மொத்தம் 35.5 மில்லிசீவர்ட்.

இது எவ்வளவு பெரியது? மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் உலகத்தில் ஒரு ஆளுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே வருகிறது. உங்கள் மகளுக்குக் கிட்டத்தட்ட 15 வருஷத்துக்கானது கூடுதலாகப் போயிருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு சுமார் 0.02 தான். கை கால் எலும்புக்கு எடுத்தால் அதைவிடவும் சொற்பம். அதனால் எக்ஸ்ரே படங்களை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த 35.5-ஆல் கேன்சர் வரும் வாய்ப்பு என்ன? ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து கிடைத்த விவரத்தை அடிப்படையாக வைத்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2006-ல் வயது வாரியாக ஒரு கணக்குப் போட்டது. அதன்படி, இதே வயதுள்ள ஆயிரம் பெண் பிள்ளைகளுக்கு இதே அளவு போனால், அவர்கள் ஆயுசு முழுக்கச் சேர்த்து சுமார் 9 பேருக்கு அதனால் கேன்சர் வரலாம். நம் நாட்டில் ஸ்கேனே எடுக்காவிட்டாலும் ஒன்பது பேரில் ஒருவருக்கு ஆயுசில் எப்போதாவது கேன்சர் வருகிறது. அதாவது அந்த ஆயிரத்தில் சுமார் 110 பேருக்கு எப்படியும் வரும், அதோடு இந்த 9. மீதிப் பேருக்கு இந்த ஸ்கேன்களால் ஒன்றும் ஆகாது. உங்கள் மகள் அந்தப் பெருங்கூட்டத்தில்தான் இருப்பாள் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்த 9 பேரைப் பூஜ்யம் என்று நான் எழுதினால் அது பொய்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு என்று ஸ்கேன் துறையில் இருக்கும் எங்களில் பலர் ஒரு காலத்தில் வாதாடியது உண்டு. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுத்த 1,78,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-ல் வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 22 வயதுக்கு முன் சி.டி. எடுத்த ஒன்பதரை லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2023-ல் வந்தது. பிள்ளைகள் 10,000 பேருக்குச் சி.டி. எடுத்தால், அடுத்த 12 வருஷத்துக்குள் அதன் காரணமாக ஒன்று அல்லது இரண்டு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அதில் கிடைத்த எண். ஒரு பிள்ளையைப் பெற்றவருக்கு இது சின்ன எண். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேரைப் படுக்க வைத்து எடுக்கிற எங்களுக்கு இது சின்ன எண் இல்லை, அண்ணாச்சி.

பிள்ளைகளுக்கு ஏன் கூடுதல் என்று புரிந்துகொள்வது நல்லது. கதிர் செல்லுக்குள் இருக்கும் மரபிழையை (டி.என்.ஏ.) அங்கங்கே அறுக்கும். செல் தானே அதைத் தைத்துக்கொள்ளும். எப்போதாவது தப்பாகத் தைத்துவிட்டால், அந்தத் தப்பு வருஷக்கணக்கில் பெருகிக் கேன்சராகலாம். வளர்கிற பிள்ளைக்குச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, தப்பும் வேகமாகப் பெருகும். அந்தத் தப்பு வெளிப்பட அறுபது எழுபது வருஷம் ஆயுசும் அவர்களுக்கு மீதி இருக்கிறது. எழுபது வயது தாத்தாவுக்கு அதே ஸ்கேன் எடுத்தால் இந்தக் கவலையே அநேகமாக இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மார்பும் தைராய்டும் ஆண் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். போதாக்குறைக்கு ஒல்லியான உடம்பு. பெரிய ஆளுக்கு வைக்கிற அளவை மெஷினில் மாற்றாமல் விட்டால், நடுவில் தடுக்கச் சதை இல்லாததால் உள்ளுறுப்புக்கு அதிகம் போகும்.

அப்படி மாற்றாமல் விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கேன் சென்டரில் இரவு ஷிப்ட். ஐந்து வயதுப் பையனின் வயிற்றுப் படம் திரையில் வந்தது. ஒரு புள்ளி, ஒரு கரகரப்பு இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. "படம் எவ்வளவு அருமையா வந்திருக்கு" என்று நானே சொன்னேன். டெக்னீஷியனும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: அந்தச் சின்ன உடம்பில் படம் அவ்வளவு தெளிவாக வரவேண்டுமானால் தேவைக்கு மேல் கதிர் போயிருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால், காலையில் வந்த பெரியவருக்கு வைத்த அளவு அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளின் படம் கொஞ்சம் கரகரப்பாக வந்தால்தான் எனக்கு நிம்மதி. 2001-லேயே அமெரிக்காவில் இதைப் பற்றி எச்சரித்துக் கட்டுரைகள் வந்தன. பிள்ளைகளுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்று பெரிய இயக்கமே அங்கே நடந்தது. இன்றைய மெஷின்களில் பிள்ளைகளுக்கென்று தனி அளவு உள்ளேயே இருக்கிறது. அழுத்த வேண்டியது ஒரு பொத்தான். அதை அழுத்தினார்களா என்று கேட்க வேண்டியது நீங்கள்.

கேட்கலாமா, டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று நம் ஜனங்கள் தயங்குகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து கூடங்குளம் எத்தனை தூரம்? 2012-ல் இடிந்தகரையில் ஆணும் பெண்ணும் கடலுக்குள் இறங்கி நின்று கேள்வி கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் யார் பக்கம் நின்றிருந்தாலும், கதிர்வீச்சைப் பற்றிக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, அணு உலை போன்ற இடங்களிலிருந்து பொதுமக்களில் ஒருவருக்கு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற எங்களுக்கும் வரம்பு உண்டு, அதை அளக்கச் சட்டையில் ஒரு பட்டையைக் குத்தியிருப்போம். நோயாளிக்கு மட்டும் வரம்பு கிடையாது. உயிர் காக்கத் தேவைப்பட்டால் எவ்வளவானாலும் எடுக்க வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் அந்த இடத்தில் பிள்ளைக்குக் காவல், ஸ்கேன் எழுதிக் கொடுக்கிற டாக்டரும், எடுக்கிற நாங்களும், கூட வருகிற நீங்களும் மட்டுமே. அதனால் கேளுங்கள். "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா வைத்தியம் மாறும், டாக்டர்? அல்ட்ராசவுண்டுலயோ எம்.ஆர்.ஐ.யிலயோ பார்க்க முடியாதா?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்படமாட்டார்.

இதில் ஒரு குழப்பம், நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "ஸ்கேன்" என்று ஒரே பெயர். கர்ப்பிணிக்கு ஜெல் தடவிப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட், ஒலி அலை. குகை மாதிரி குழாய்க்குள் படுக்க வைத்து டமடமவென்று அரைமணி நேரம் சத்தம் போடுவது எம்.ஆர்.ஐ., காந்தம். இந்த இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. பெரிய வளையத்துக்குள் கட்டில் போய்வந்து சில நொடியில் முடிந்துவிடுவது சி.டி. இந்தக் கடிதம் முழுக்க நான் பேசுவது இதைப் பற்றித்தான்.

தலை ஸ்கேன் விஷயத்தில் "நானே கேட்டு எடுத்தது" என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெற்றி வீங்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற எந்தத் தகப்பனும் அப்படித்தான் கேட்பார். ஆனால் உங்கள் கடிதப்படி அவள் மயங்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, ஆஸ்பத்திரியிலேயே முறுக்கு கேட்டுத் தின்றிருக்கிறாள். அமெரிக்காவில் 25 ஆஸ்பத்திரிகளில் தலையில் அடிபட்டு வந்த 42,000 பிள்ளைகளைக் கவனித்து 2009-ல் ஒரு விதி வகுத்தார்கள். நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, மண்டையோடு உடைந்ததற்கான அடையாளம் இல்லை, பெரிய விபத்தும் இல்லை என்றால் ஸ்கேன் தேவையில்லை. லேசான சந்தேகம் இருந்தால் அடிபட்டதிலிருந்து நாலு முதல் ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த தடவை "ஸ்கேன் வேண்டாம், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். மாறாக, பிள்ளை அரைத்தூக்கத்தில் சொருகினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சி.டி. எடுக்க வேண்டும். அங்கே ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும்.

இதையும் மனதில் வையுங்கள். மூன்று எடுத்துவிட்டோம், இனி எதற்கும் எடுக்கக்கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முந்தைய ஸ்கேன்கள் அடுத்த ஸ்கேனை இன்னும் ஆபத்தாக்குவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தடவைக்கான தேவையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாளைக்கே அவளுக்குக் காய்ச்சலோடு வலது அடிவயிற்றில் வலி நிலைத்து நின்றால், பச்சையாக வாந்தி வந்தால், மலத்தில் ரத்தம் போனால், தூக்கத்திலிருந்து வலி எழுப்பினால், எடை குறைந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் சி.டி.க்குச் சம்மதியுங்கள், பிள்ளைகளுக்கான அளவில், ஒரே ஓட்டமாக.

இப்போது அவளுக்கு இருக்கும் வலியைப் பற்றிக் கடிதத்தை வைத்து நான் மருந்து சொல்ல முடியாது. ஆனால் தொப்புளைச் சுற்றி வந்து வந்து போகிற வலி, எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, இரண்டு சி.டி.யிலும் ஒன்றும் இல்லை என்றால், பிள்ளைகளில் பெரும்பாலும் குடலில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. பல சமயம் மலச்சிக்கலே காரணமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கி வைக்கிற பெண் பிள்ளைகள் நிறைய. சாதாரண நோட்டு ஒன்றில் வலி வந்த நாள், நேரம், அன்று மலம் போனாளா, பள்ளிக்கூட நாளா விடுமுறையா என்று ஒரு மாசம் எழுதி வையுங்கள். அந்த நோட்டு புது டாக்டருக்கு நாலாவது சி.டி.யைவிட உதவும்.

எடுத்தாகிவிட்டதற்கு என்ன செய்ய என்ற கேள்விக்கு: இதற்கென்று வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனையோ வேறு ஸ்கேனோ தேவையில்லை. கேன்சரிலிருந்து அவளைக் காக்க நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது, அவளுக்கு 11. நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக வருவது அதுதான். குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் யாராவது பீடி, சிகரெட் குடித்தால் அது வாசலுக்கு வெளியே போகட்டும்.

பழைய படங்களுக்கு வருகிறேன். ஸ்கேன் சென்டரில் கொடுத்த வட்டத் தட்டு வீட்டு டி.வி.யில் ஓடவில்லை என்று பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் நோயாளி எண் என்று ஒன்று அச்சாகியிருக்கும். அதையும் தேதியையும் சொல்லி இரண்டு இடத்திலும் கேளுங்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் படம் இருந்தால் புதுத் தட்டில் பதிந்து தருவார்கள். சின்னக் கட்டணம் கேட்கலாம். வாங்கும்போது அந்தக் கடைசி எண் பக்கமும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரேஷன் கார்டு, கடைப் பத்திரம் எல்லாம் வைக்கிற பெட்டியிலேயே அதற்கும் ஒரு உறை போட்டு, மேலே பிள்ளையின் பெயரும் எடுத்த ஸ்கேன்களின் தேதியும் எழுதி வையுங்கள். தட்டு கைக்கு வந்ததும் புது டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.